ஒரே மாதிரி அழுத அரசிகள்

மதுரையில் கன்னியர் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்த நாட்களில், பழைய காவியங்களில் வரும் அரசிகள்மேல் எனக்குக் கடுங்கோபம். புருஷன் போர்க்களத்தில் விழுந்தான் என்று சேதி வந்தால் போதும், அத்தனை பேரும் ஒரே மாதிரி அழுதார்கள். முதலில் வேரறுந்த கொடியாக விழுவது. பிறகு எழுந்து, அவன் தோளையும் மார்பையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடுவது. நேற்றுவரை பட்டு மெத்தையில் படுத்த உடம்பு இன்று மண்ணில் கிடக்கிறதே என்பது. பக்கத்தில் நிற்கிற மரத்தையும் கிளையில் இருக்கிற கிளியையும் நீயாவது தடுத்திருக்கக் கூடாதா என்று கேட்பது. கடைசியில், நான் என்ன பாவம் செய்தேனோ என்று ஆரம்பித்து, செய்தேனோ, செய்தேனோ என்று முழ நீளத்துக்கு ஒரு பட்டியல்.

இந்தப் புத்தகத்துக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவில் பல நூறு வருஷம் என்று வகுப்பில் சொன்னார்கள். ஊர் வேறு, மதம் வேறு, ராஜா வேறு. அழுகை மட்டும் அச்சு மாறவில்லை. அழுகை என்ன, மழையும் அப்படித்தான். எந்தக் காவியத்தைப் பிரித்தாலும் மலையில் மழை பெய்யும், ஆறு சந்தனத்தையும் அகிலையும் புரட்டிக்கொண்டு இறங்கும், வயலில் மீன் துள்ளும். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மழை பெய்தால் ஆறு கொண்டுவந்தது சேறும் காய்ச்சலும்தான். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதிவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவேன். இவர்களை மகாகவி என்று தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பொருமியிருக்கிறேன்.

பயிற்சி முடிந்து எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கே ஆசிரியையாக வந்தேன். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். பாட்டன் காலத்தில் மொத்தமாகக் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள். கும்பிடுகிற சாமி மாறியது. நெல்லும் மாடும் சாவும் மாறவில்லை. சாவுக்குப் பஞ்சமில்லாத காலம் அது. நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கத் தொடங்கினால் தெருவுக்குத் தெரு மலைக்காய்ச்சல். கொயினா மாத்திரை கிடைத்தவர்கள் காது அடைத்துப்போய் உயிரோடு உட்கார்ந்திருந்தார்கள். கிடைக்காதவர்களைச் சிலுவை வரைந்த கறுப்புத் துணியால் மூடிக் கொண்டுபோனோம்.

அந்தச் சாவு வீடுகளில்தான் எனக்குப் புத்தி வந்தது. எழுத்து என்றால் என்னவென்று தெரியாத பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள்மேல் கை போட்டு ஒப்பாரி வைத்தார்கள். கொடியாக விழுந்தார்கள். தோளைச் சொன்னார்கள், மார்பைச் சொன்னார்கள். நேற்றைக்குப் பட்டுமெத்தை, இன்றைக்கு மண்மெத்தை என்றார்கள். செத்தவர் ஆயுளில் பட்டுமெத்தையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். வாசல் முருங்கையைப் பார்த்து நீயாவது சொல்லக் கூடாதா என்று கேட்டார்கள். கடைசியில் அந்தப் பட்டியல் வந்தது.

கன்னுக்குட்டி வாய்ப்பாலைக்
கட்டிவச்சுக் கறந்தேனோ
கண்ணில்லாத பிச்சைக்காரன்
கலயத்தைக் கவுத்தேனோ

இவர்கள் யாரைப் பார்த்து எழுதினார்கள்? காப்பியடித்தது யாரும் இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்பே வெட்டிப் போட்ட வாய்க்கால் போல, அழுகைக்கென்று ஒரு வாய்க்கால் ஏற்கெனவே கிடக்கிறது. அரசி அழுதாலும் அறுவடைக்காரி அழுதாலும் அதில்தான் ஓடுகிறது. கவிகளும் ஏதாவது ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது. எங்காவது ஒப்பாரி கேட்டால், அடுத்து என்ன வரும் என்று மனசுக்குள் முன்னாலேயே சொல்லிப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

என் தங்கையை உள்ளூரிலேயே கொடுத்திருந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். அவள் புருஷன் வண்டிக்காரர்; குமுளி மலைக்கு அரிசி ஏற்றிப் போவார், திரும்பும்போது ஏலக்காய் மூட்டை ஏற்றி வருவார். ஏலக்காயோடு நாலு மலையாள வார்த்தையும் கொண்டுவருவார். மகனை "மோனே" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பயலுக்கு அப்போது நாலு வயசு. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷம், மழைக்காலத்தில், மலையிலிருந்து அவர் வண்டியை ஓட்டி வரவில்லை; வண்டியில் படுத்து வந்தார்.

வைத்தியர் வந்து பார்த்தார். கஷாயம் எழுதிக் கொடுத்தார். வெந்நீரை ஆற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிப் போனார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போய்ப் பார்ப்பேன். தங்கை தலைமாட்டில் இருப்பாள், மாமியார் கால்மாட்டில் இருப்பாள். இருவரும் தூக்கமில்லாமல் கண் செருகிக் கிடந்தார்கள். ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கோவில் மணி துக்க அடி அடித்தது. எந்த வீடு என்று கேட்காமலே சாக்குக்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பெண்கள் கூடியாயிற்று. தங்கையை நடுவில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். அவள் முதலில் வாயே திறக்கவில்லை. பிறகு, மற்றவர்கள் பாவப் பட்டியலுக்கு வந்தபோது, அவள் குரல் மட்டும் மேலே எழும்பியது.

தண்ணி தண்ணி என்கையிலே
தட்டிவிட்ட பாவியானேன்
தாகத்தோட போறவரே
தடம் பார்த்துப் போங்கய்யா

கால்மாட்டில் இருந்த மாமியாரின் அழுகை சட்டென்று நின்றது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கேட்டீகளா? எல்லாரும் கேட்டீகளா? அவ வாயாலயே சொல்லிட்டா. எம்புள்ளைக்குத் தண்ணி தராமக் கொன்னுட்டா இவ."

சாவு வீட்டில் வாய்க்கு வந்ததைச் சொல்வது உண்டுதான். ஆனால் இது அதோடு அடங்கவில்லை. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் தங்கையின் கொழுந்தன் அதைப் பிடித்துக்கொண்டான். புருஷனுக்குத் தண்ணீர் மறுத்துக் கொன்றவளிடம் எங்கள் குடும்பத்து வாரிசை விட முடியாது, பயல் எங்களோடு இருக்கட்டும், அவள் பிறந்த வீட்டைப் பார்த்துப் போகட்டும் என்றான். பயலைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கதவையும் சாத்திவிட்டார்கள். தங்கை வெளித்திண்டில் உட்கார்ந்து, உள்ளே அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் ஊர்க்கூட்டம் என்று சொன்னார்கள். அதுவரைக்கும் அவள் சோறு தொடவில்லை. அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. நிலமோ வண்டியோ மாடோ எதையும் கேட்கவில்லை. பிள்ளை மட்டும் வேண்டும். நான் இரவும் பகலும் என்ன பேசுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை: தண்ணீர் விஷயம் என்னவென்று தங்கையிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள் பாடிய வரி எந்த வரிசையில் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

கூட்டத்தில் ஆண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கோவிலின் பக்கவாசலில் நின்றார்கள். நாட்டாமைக்குப் பக்கத்தில் பங்குச் சாமியாருக்கு நாற்காலி போட்டிருந்தது. மாமியார் சொன்னதையே சொன்னாள். கொழுந்தன் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான். நாட்டாமை என் தங்கையைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்லுற?" என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

நான் முன்னால் போனேன். பொம்பளை எதற்கு நடுவில் வருகிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். "நான் இந்த ஊருக்கு டீச்சர். ஒங்க புள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வாய்தான் இது. ஒரு பேச்சுப் பேசிட்டுப் போறேன்" என்றேன். சாமியார் தலையசைத்தார்.

"நாட்டாமை ஐயா, போன தை மாசம் ஒங்க ஆத்தா தவறுனாக. ஒங்க தங்கச்சி அழுகையில என்ன பாடுனாக? கஞ்சி கேட்ட ஆத்தாளுக்குக் கல்லை அள்ளி இட்டேனோன்னு பாடுனாக. நானும் அங்கன இருந்தேன். ஏன் ஐயா, ஒங்க வீட்ல ஆத்தாளுக்குக் கல்லைத்தான் போட்டீகளா?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது. நாட்டாமை மீசையைத் தடவினார். "அது பாட்டுத்தான..." என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். பாட்டு. வாக்குமூலம் இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் சுபாவம் நிறுத்த விடாது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய புத்தகங்களில் பெரிய பெரிய அரசிகள் இப்படித்தான் அழுகிறார்கள் என்றேன். கன்றைப் பிரித்தேனோ, பசித்தவனை விரட்டினேனோ, குளத்தை உடைத்தேனோ என்று ஒவ்வொருத்தியும் செய்யாத பாவத்தையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள், அவர்களில் ஒருத்தியையும் எந்த ராஜாவும் கழுவில் ஏற்றவில்லை என்றேன். அவர்களுக்கு அரசிகள் பொருட்டாகத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனவே கடைசியாக வைத்திருந்ததை எடுத்தேன்.

"பெரிய வெள்ளிக்கு நம்ம கோவில்ல வருசா வருசம் பொம்பளைக என்ன பாடுறோம்? சிலுவையடியில மாதா அழுகிற பாட்டு. தாகமா இருக்குன்னு சொன்ன மகனுக்கு ஒரு வாய்த் தண்ணி தராத பாவியானேனேன்னு மாதா சொல்லி அழுறாகளா இல்லையா? எந்தங்கச்சிக்குப் பால்குடியிலருந்து காதுல விழுந்த பாட்டு அது. துக்கத்துல அதுதான் வாயில வந்துச்சு. இதுக்காக அவ கொலைகாரின்னா, முதல்ல மாதாவை இங்கன கொண்டாந்து நிறுத்துங்க. பெறகு இவளை விசாரிங்க."

பக்கவாசலில் ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். சாமியார் எழுந்து, டீச்சர் சொல்வது சரி, துக்கத்தில் பாடுவதைச் சாட்சியாக எடுப்பது பாவம் என்றார். நாட்டாமைக்கு அது போதுமாக இருந்தது. பிள்ளை தாயோடு போகட்டும் என்று தீர்ப்பானது. கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

மாமியார் மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் வாயாடி என்று என்னைத் திட்டுவாள் என எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஏதோ பயம் அதிகமாக இருந்ததாகப் பட்டது. தோற்றுப்போனவள் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பயலை நாங்கள் இருவரும் இரண்டு கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும். மதுரையில் படித்த படிப்பு ஒரு பிள்ளையைத் தாயிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டதே. தெருவில் பெண்கள் என்னை நிறுத்தி, "அக்கா பேசுன பேச்சுல ஆம்பளைக வாயடைச்சுப் போனாகளே" என்றார்கள். தங்கை பயலுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். அவன் தூங்கும்வரை முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளும் அன்று கொஞ்சம் சாப்பிட்டாள். அதுவே எனக்குப் போதும் என்றிருந்தது.

முப்பதாம் நாள் பூசை வந்தது. பூசை முடிந்து கல்லறையில் மெழுகுதிரி வைத்து மந்திரித்ததும் பெண்கள் உட்கார்ந்து அழுவது வழக்கம். மனஸ்தாபம் இருந்தாலும் இரு வீட்டாரும் வந்தார்கள். பெண்கள் ஆரம்பித்தார்கள். செத்தவன் பெண்டாட்டிதான் நடுவில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவளுக்காக ஒரு வரியை விட்டுவிட்டு எல்லோரும் நிறுத்தினார்கள். தங்கை மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை முந்தின வரியைப் பாடிவிட்டு நிறுத்தினார்கள். அவள் உதடு பிரியவில்லை. பிறகு வேறு யாரோ எடுத்துப் பாடி எப்படியோ ஒப்பேற்றினார்கள். கலைந்து போகும்போது என் காதுபடவே பேசினார்கள். "கல்நெஞ்சுக்காரி. புள்ளை கையில வந்துச்சு, இனிப் புருசன் எதுக்கு?"

எனக்கு வந்ததே ஆத்திரம். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினேன். அத்தனை பேர் முன்னால் உனக்காகத் தொண்டை கிழியப் பேசினேன், ஒப்புக்கு நாலு வரி பாடினால் குறைந்தா போய்விடுவாய், ஊர்வாயில் மறுபடியும் நீயாகப் போய் விழுகிறாயே என்றேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். பயல் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்.

"அக்கா, அவுக நெசமாவே கேட்டாக."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன கேட்டாக?"

"தண்ணி."

அரிசிப் பானையை நகர்த்தி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"வைத்தியரு ஆத்தின வெந்நி தரலாம்னு சொன்னாரு. அவரு படி இறங்குனதும் அத்தை சொன்னாக, பச்சத்தண்ணியோ வெந்நியோ, காய்ச்சக்காரன் தொண்டையில எறங்குனா ஜன்னி கண்டுரும், எங்க வீட்ல ஒருத்தருக்கும் குடுத்ததில்லைன்னு. பெத்தவுக சொல்றாகன்னு நானும் தரல. உச்சி வெயிலு. அத்தை கண்ணசந்துட்டாக. அவுக செம்பைப் பாத்துக்கிட்டே கேட்டாக. தண்ணி, தண்ணின்னு. கையை நீட்டிச் செம்பைத் தொட்டாக. நான் தட்டிவிட்டேன். செம்பு உருண்டு போச்சு. பெறகு அவுக கேக்கல."

அப்போதுதான் மாமியாரின் அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. சாவு வீட்டில் தங்கை பாடிய வரி அவளுக்குத்தான் தைத்திருக்கிறது. தன்னைத்தான் ஊரறியச் சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். பயந்துபோய் அதை இவள் தலையிலேயே திருப்பிவிட்டிருக்கிறாள்.

"இதை அன்னைக்கே கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல? அவதான் தரவேணாம்னு சொன்னாள்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அவுகளும் பெத்த புள்ளைய மண்ணுக்கு அள்ளிக் குடுத்தவுக தான, அக்கா. தட்டுன கை என் கை. அவுக கை இல்ல."

இது காய்ச்சலின் கொடுமை, ஒரு வாய்த் தண்ணீரால் அவர் பிழைத்திருக்க மாட்டார், நீ தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்த சமாதானத்தையெல்லாம் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடு, மனசு லேசாகும் என்றேன்.

"சொன்னேன். பாட்டுல வந்ததை நெனச்சு மனசைக் கொழப்பிக்காத மகளேன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நீ சொன்னதைத்தான் அவரும் சொல்றாரு."

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

"அன்னைக்குச் சாவு வீட்ல நான் பாட்டுப் பாடல அக்கா. போனவுககிட்ட சொன்னேன். எல்லாரும் இருக்கையில சொன்னாத்தான் சொன்னதா ஆகும்னு சொன்னேன். நீ எம்புள்ளைக்காகத்தான் பேசுன. நீ பேசாட்டி இவன் எங்கிட்ட இல்ல. ஆனா அது அரசிக பாடுன பாட்டு, மாதா பாடுன பாட்டு, எல்லாரும் பாடுற பாட்டுன்னு ஆக்கிட்ட. இனி நான் எம்புட்டுக் கதறுனாலும் பாட்டுன்னுதான் கேப்பாக. நான் செஞ்சதை நான் எப்படிச் சொல்றது? யார்கிட்டச் சொல்றது?"

மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தால் நான் அதே வேப்பமரத்தடியில் அதையேதான் பேசுவேன். பிள்ளை பெரிது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று அடுப்படியில் என்னிடம் சொல்லேன் என்று வாய்வரை வந்தது. இப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள், நானும் கேட்டு முடித்திருந்தேன். அவளுக்கு அது போதவில்லை.